விறகடுப்பில் குக்கர்: பயமும் பழக்கமும்



வாழைச்சேனையில் நான் களப்பணிக்குச் செல்லும் வீடொன்றில், கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு பிரஷர் குக்கர் பெட்டியோடு அப்படியே இருந்தது. கட்டாரில் வீட்டுவேலை செய்த மகள் 2018இல் கொண்டுவந்து கொடுத்ததாம். அந்த வீட்டு அம்மாவோ வெளியில் மூன்று கல் அடுப்பில் புகைக்குள் இருந்து கடலை அவித்துக்கொண்டிருந்தார். பின்னேரத்தில் கடலை விற்றுத்தான் பேரப்பிள்ளைகள் இருவரையும் வளர்க்கிறார்.

“ஏன் அம்மா குக்கரைப் பாவிக்கிறதில்லையா?” என்று கேட்டேன்.

“அது உஸ்ஸெண்டு கூவக்குள்ள எனக்கு நெஞ்சு பதறும் மகள். ஷெல் வாற மாதிரி இரிக்கும். வெடிச்சிட்டா என்ன செய்யிற?”

2006ஆம் ஆண்டின் இறுதியில் வாகரைப் பக்கமிருந்து, ஷெல்லடிக்குள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு காட்டுவழியே நடந்து வந்தவர் அவர். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2022இல் காஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை கொழும்பிலேயே 4,860 ரூபாயானது. நானும் குக்கரைத் தூக்கி விறகடுப்பில் வைத்தேன். சுவாலை பக்கத்தால் ஏறி, கைபிடி கருகி, றப்பர் வளையமும் இறுகிப்போனது. காஸ் அடுப்பில் திருகைத் திருப்பினால் நெருப்புக் குறையும். விறகடுப்பில் நாம்தான் அந்தத் திருகு.

குக்கர் எப்படி வேலை செய்கிறது? திறந்த பானையில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. குக்கரில் நீராவி அடைபடுவதால் சூடு ஏறத்தாழ 120 பாகை வரை போகும். அதனால்தான் கெதியாக வேகிறது. மிஞ்சிய ஆவி நிறையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் சத்தமே விசில். அது வெடிக்கப்போகும் சத்தமல்ல, வெடிக்காமல் காக்கும் சத்தம். 1679இல் இப்படியான பாத்திரத்தை முதலில் செய்து காட்டிய டெனி பப்பின் என்ற பிரெஞ்சு அறிஞரே பாதுகாப்பு வால்வையும் அமைத்தார். நமக்கிருக்கும் பயம் அன்றும் இருந்திருக்கிறது.

விறகடுப்பில் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

* மூடுமுன் ஆவித் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும். றப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிது மாற்றும்வரை பாவிக்க வேண்டாம்.
* அரிசி, பருப்பு, கடலை என்றால் அரைவாசிக்கு மேல் நிரப்பக்கூடாது. தண்ணீர் போதாமல் வைக்கவும் கூடாது.
* குக்கர் ஆடாமல் மட்டமாக இருக்க வேண்டும். சுவாலை அடியில் மட்டும் படட்டும். கைபிடி விறகு தள்ளும் வாய்ப்பக்கம் இருக்கக்கூடாது.
* அடிப்புறத்தில் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினால் கரி இலகுவாகக் கழன்றுவிடும்.
* முதல் விசில் வந்ததும் விறகை வெளியே இழுங்கள். பொச்சுமட்டை, சிரட்டைத் தணலே மிச்ச வேலையைச் செய்யும்.
* வெந்ததும் தணலையும் ஒதுக்கிவிட்டுக் காத்திருங்கள். ஆவி முழுவதும் அடங்கியபின் மூடியைத் திறவுங்கள். ஒருபோதும் வலிந்து திறக்க வேண்டாம்.

இரவே ஊறவைத்த கடலை பானையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். குக்கரில் விசில் வந்தபின் இருபது நிமிடம் போதும். விறகு மிச்சம், புகைக்குள் இருக்கும் நேரமும் மிச்சம். வீட்டு அடுப்புப் புகை போன்றவற்றால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அடுப்படியில் அதிகம் இருப்பவர்கள் நாம்தானே.

அந்த அம்மாவுடன் மூன்று நாட்கள் அடுப்படியில் இருந்தேன். முதல் நாள் வெறும் தண்ணீர்தான் வைத்தோம். விசில் வருமுன், “இப்ப கூவப்போகுது அம்மா” என்று சொல்லிவைத்தேன். வேலிக்கு அப்பால் போய் நின்றார். இரண்டாம் நாள் வாசலில் நின்றார். மூன்றாம் நாள் விறகைத் தானே வெளியே இழுத்தார், கை நடுங்கியது. இப்போது பேரப்பிள்ளைகளுக்கு, “இப்ப கூவும், பயப்படாதீங்க” என்று அவரே சொல்கிறார்.

சில நாட்களில் குக்கர் அலுமாரிக்குள்ளேயே இருக்கும். “இண்டைக்கு ஏலாது மகள்” என்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நாட்களில் ஊறவைத்த கடலையைப் பானையில் மூடி அவிக்கலாம்.

உங்கள் வீட்டிலும் பெட்டி திறக்காத குக்கர் இருக்கிறதா? பாவிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவை ஒருநாள் கூப்பிட்டு, இருவருமாக அடுப்பு மூட்டிப் பாருங்கள்.