பனி விலகுமுன் கொல்லையைத் திருத்துங்கள்



தமிழ் இலக்கணம் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்திருக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு வசந்தம் என்பது உறைந்த மண் இளகும் காலம். நமக்கோ இளவேனில் என்ற இனிய பெயரில் வந்து சேர்வது கத்திரி வெயில். ஆகவே, நம் வீட்டுக் கொல்லையை இளவேனிலுக்குத் தயார் செய்வதென்பது அந்த வெயிலைத் தாங்கும் வலிமையை மண்ணுக்கும் செடிக்கும் முன்கூட்டியே ஊட்டுவதுதான். அதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் தை பிறந்தது முதல் மாசி முடியும் வரை, ஏறத்தாழ 60 நாட்கள்.

இந்த அவகாசத்திலும் ஒரு பகுதியை ரமளான் எடுத்துக்கொள்கிறது. 2025-ஆம் ஆண்டு நம் நாட்டில் மார்ச் 2-ஆம் நாள், மாசி நடுவில், முதல் நோன்பு நோற்றோம். 1993-இலும் பிப்ரவரி கடைசி வாரத்தில்தான் நோன்பு தொடங்கியது என்பதை என் வயதொத்தவர்கள் நினைவு கூர்வார்கள். பிறை மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால், இனிச் சில ஆண்டுகளுக்கு நோன்பு பனிக்காலத்திலேயே வரும். நோன்பு வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடிப்பது எளிதன்று. வேலையை அதற்குமுன் முடித்துவிடுங்கள்.

ஆனால் அவசரமும் ஆகாது. இதை நான் ஓர் எலுமிச்சை மரத்தைப் பலி கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எங்கள் உம்மா தம் கையால் வைத்து வளர்த்த மரம் அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அடைமழை ஓய்ந்தபின் அதன் இலைகள் வெளிறிக் கிடந்தன. மழை சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது என்று எண்ணினேன். அந்த எண்ணம் சரிதான். நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மணற்பாங்கான கடலோர மண்ணில் தழைச்சத்து அந்த நீரோடு கீழிறங்கிப் போகிறது. நான் செய்த மருத்துவம்தான் பிழை. அடிமரத்தைச் சுற்றி ஆழக் கொத்தினேன். பக்கத்து மாட்டுக்கொட்டிலிலிருந்து இரண்டு கூடை பச்சைச் சாணத்தைக் கொண்டுவந்து தண்டை ஒட்டிக் குவித்தேன். மாசி வெயிலில் இலைகள் சுருண்டன. பங்குனியில் கிளைகள் காய்ந்தன. பிறகு கறையான் ஏறியது. உம்மா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஊறுகாய் போடக் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னபோது மட்டும் என் முகத்தைப் பாராமலே சொன்னார்கள்.

பச்சைச் சாணம் மண்ணுக்குள் மட்கும்போது சூடு பிறக்கும். மெல்லிய வேர்களை அது கருக்கிவிடும். மேலும், உணவு தேடும் வேர்கள் அடிமரத்தின் அருகில் அதிகம் இருப்பதில்லை. உச்சிப்பொழுதில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ, அந்த எல்லையை ஒட்டியே அவை படர்ந்திருக்கும். அங்கே அரையடிக்கு மிகாமல் வட்டமாக ஒரு பள்ளம் பறித்து, நன்கு மட்கி மண்வாசனை வீசும் தொழுவுரத்தோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைக் கலந்து இட்டு, மண்ணால் மூடி நீர் விடுங்கள். நம் முன்னோர் அறியாததன்று இது. 12-ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தமது ‘கிதாபுல் ஃபிலாஹா’வில் முதலில் மண்ணையும், அடுத்து எருவையும் நீரையும் விரிவாகப் பேசிய பிறகே தோட்டத்திற்கு வருகிறார். ஐரோப்பியர் அந்நூலை 1802-இல் ஸ்பானிய மொழியில் பெயர்த்து அச்சிட்டார்கள். நம் மதரஸாக்களில் அதன் பெயரையேனும் அறிந்தவர் எத்தனை பேர்?

இனிக் கத்தரிக்கோலுக்கு வருவோம். பனிக்காலம் முடிகிறதென்று எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவோர் உண்டு. முருங்கையின் மேல் கை வைக்காதீர்கள். தையில் அது பூவெடுக்கும் மரம். கம்பளிப்பூச்சிக்கு அஞ்சிக் கிளைகளை வெட்டினால் கோடையில் காய் இராது. பூச்சிகள் பகலில் தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது சோப்புக் கரைசலைத் தெளித்துக் கட்டுப்படுத்தலாம். மாமரத்தையும் விட்டுவிடுங்கள், பிஞ்சு பட்டாணி அளவு பருக்கும் வரை அதற்கு நீரையும் குறைத்தே விடுங்கள். குண்டுமல்லியைக் கார்த்திகைக் கடைசியிலேயே வெட்டியிருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் இனியும் தாமதிக்கலாகாது. செம்பருத்தி, கறிவேப்பிலை, மருதாணி ஆகியவற்றின் காய்ந்த குச்சிகளையும் பின்னிய கிளைகளையும் கழித்துவிடலாம். மருதாணியை இப்போது வெட்டிவிட்டால், பெருநாளைக்கு முதல்நாள் இரவு அரைப்பதற்குத் தளிரிலை கிடைக்கும். வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை! செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

பாத்தி கொத்துமுன் ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் பதம். சேறாக ஒட்டினால் இன்னும் சில நாட்கள் பொறுங்கள். நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய புதினாவைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே வளர்க்கலாம். இலையை ஆய்ந்தபின் தண்டை எறியாமல் ஈர மண்ணில் சாய்த்து ஊன்றினால் வேர் பிடிக்கும். கொத்துமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைத்தால் 40 நாட்களில் கிள்ளலாம். வெந்தயக்கீரைக்கு 25 நாட்கள் போதும். பீர்க்கு, புடலை, பாகல், சுரை ஆகிய கொடிகளுக்குத் தைப்பட்டம் உரியது. ஒன்றரை அடிக் குழியில் ஐந்து விதைகளை ஊன்றி, முளைத்த 15 நாட்களில் வலுவான இரண்டை நிறுத்திக்கொள்ளுங்கள். பாகல் விதையின் தோல் கடினமானது. ஓர் இரவு ஊறட்டும். கொல்லை இல்லாதவர்கள் கீரையையும் புதினாவையும் மொட்டைமாடித் தொட்டியில் வளர்க்கலாம்.

தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். ஐவேளை ஒளுச் செய்யும் நீர் சோப்புக் கலவாதது. அது சாக்கடைக்குப் போகாமல் ஒரு வாய்க்கால் வழியே வாழைக்குப் போகட்டும். வெட்டிய இலைதழைகளைக் கொளுத்தாதீர்கள். செடியின் தண்டில் படாமல் நான்கு விரற்கடைக் கனத்தில் மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்பினால், ஈரம் எளிதில் ஆவியாகாது.

மரம் நட்டு அதிலிருந்து பறவையும் கால்நடையும் உண்பதுகூடத் தர்மம் என்ற நபிமொழியை நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வந்து, குப்பை சேருகிறதென்று கொல்லை முழுவதும் சிமெண்ட் பூசிவிட்டோம். நானும் பூசியவன்தான். மழைநீர் தெருவுக்கு ஓடியது. கிணறு சித்திரையிலேயே உப்புக் கரித்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், பழைய எலுமிச்சை நின்ற பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி சிமெண்டை உடைத்தெடுத்துப் புதுக் கன்று ஒன்றை வைத்தோம். இந்தத் தையில் அதற்கு எருவிடக் கூடையோடு போனேன். உம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் பின்வாசற்படியில் அமர்ந்து, “இன்னும் ஓர் அடி தள்ளிப் போடு வாப்பா” என்றார்கள்.