நிறுத்தி வைத்த காரில் எழுந்த தீ

பழைய மோட்டார் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தரையில் கறுப்பாக ஓர் எண்ணெய்த் திட்டு இருக்கும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, அதன் அடியில் ஒரு தகரத்தையோ பழைய சாக்கையோ போட்டுவிட்டு நாம் உள்ளே போய்விடுகிறோம். எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்பதே நமது கணக்கு. தரையில் விழும் எண்ணெயைப் பொறுத்தவரை இக்கணக்கு பெரும்பாலும் சரியே. தரைக்கு வந்து சேராமல், எஞ்சினிலேயே பழுக்கக் காய்ந்த இரும்பின்மீது சொட்டும் எண்ணெயும் உண்டு. அமெரிக்க நாட்டில் அத்தகைய சொட்டு எண்ணெய் விளைத்த கதையை இங்கே கூற விரும்புகிறோம்.

2015-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தான் செய்து விற்ற பழைய கார்களுள் ஏறத்தாழ 14 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. திரும்ப அழைத்தல் என்றவுடன் காரைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். உயிருக்கு ஆபத்தான குறை ஒன்று தயாரிப்பில் இருப்பதாகத் தெரியவரின், நிறுவனம் உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத வேண்டும். வண்டியைத் தன் விற்பனையாளரின் பணிமனைக்குக் கொண்டுவரச் செய்து, காசு வாங்காமல் சீர்செய்து தரவேண்டும். அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டில் 1966-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. இலவசமாகச் சீர்செய்தாக வேண்டும் என்ற விதியோ 1974-இல்தான் சேர்ந்தது. குறையைச் சொல்லிவிட்டுப் பழுதுக்குக் கூலி கேட்கும் வழி அந்த எட்டாண்டுக் காலம் திறந்தே இருந்தது என்பது வியப்புக்குரியது.

நிற்க. அழைக்கப்பட்ட கார்கள் 1997 முதல் 2004 வரையிலான மாதிரிகள். பான்டியாக் கிராண்ட் பிரி, பியூக் ரீகல், ஓல்ட்ஸ்மொபைல் இன்ட்ரீக், செவர்லே இம்பாலா, லூமினா, மான்டி கார்லோ என்பன அவற்றின் பெயர்கள். பெயர் பலவாயினும் எஞ்சின் ஒன்றே. ஆறு சிலிண்டர்களும் 3.8 லிட்டர் கொள்ளளவும் உடையது. உழைப்புக்குப் பெயர் பெற்ற எஞ்சின் அது. பதினைந்து, இருபது ஆண்டுகள் சளைக்காமல் ஓடக்கூடியது என்பதாலேயே அவ்வளவு பழைய கார்கள் அத்தனை லட்சம் இன்னும் தெருவில் இருந்தன.

அந்த எஞ்சினின் தலைப்பகுதியில், வால்வுகளை மூடியிருக்கும் மூடி ஒன்று உண்டு. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே, எண்ணெய் கசியாதபடி ஒரு கேஸ்கெட் வைத்து இறுக்கியிருப்பார்கள். ஆண்டுகள் பல வெப்பத்தில் வெந்தபின் கேஸ்கெட் தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. எண்ணெய் கசியத் தொடங்குகிறது. மூடிக்குக் கீழேதான், எரிந்த புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி இருக்கிறது. வண்டி ஓடும்போது அது சில நூறு டிகிரி வெப்பத்தில் காய்ந்திருக்கும். பிரேக்கை வலுவாக மிதித்தால் மூடியோரம் தேங்கிய எண்ணெய் சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழக்கூடும். பல வேளை அது புகைந்து தீர்ந்துபோகும். சில வேளை பற்றிக்கொள்ளும். அருகிலேயே ஸ்பார்க் பிளக் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் தாங்கி இருந்தது. சிறு சுடர் அதைப் பிடித்தால், பின்னர் எஞ்சின் அறை முழுவதும் எரிவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

இக்குறை 2015-இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. 2008-இல் சுமார் 2 லட்சம் கார்கள் இதே காரணத்துக்காக அழைக்கப்பட்டன. 2009 ஏப்ரலில் மேலும் 15 லட்சம் அழைக்கப்பட்டன. நிறுவனம் திவால் மன்றத்தின் படியேறியது அதே ஆண்டு ஜூன் முதல் நாளில். கடன் சுமையை இறக்கிவைத்துப் புது நிறுவனமாக ஜூலையில் வெளிவந்தபோதும், பழைய கார்களைச் சீர்செய்யும் கடமை அதன் தோளிலேயே இருந்தது. 2009 அழைப்பில் பணிமனைகள் செய்த வேலை என்ன? தீப்பிடிக்கக் கூடிய அந்தப் பிளாஸ்டிக் தாங்கியை அகற்றினார்கள். சுடர் எழுந்தாலும் பரவுவதற்குப் பொருள் இராது என்பது அவர்களுடைய எண்ணம்.

நமது கருத்தில் பிழை இங்கேதான் நேர்ந்தது. எரியும் பொருளை எடுத்தார்கள். ஒழுகும் எண்ணெயை ஒழுகவிட்டார்கள். கேஸ்கெட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு வயது கூடிக்கொண்டே போயிற்று. பணிமனைக்குப் போய்ச் சீர்செய்யப்பட்டு, கவலை தீர்ந்தது என்று வீடு திரும்பிய கார்களுள் 1,345 பின்னர் தீப்பற்றின. ஆறு ஆண்டுகளில் 19 பேருக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டன; இறந்தவர் இலர் என்பது ஆறுதல். மூன்றாம் அழைப்பில்தான் கேஸ்கெட்டையே மாற்றும் வேலைக்கு வந்தார்கள். இலட்சக்கணக்கான எஞ்சின்களைத் திறந்து மூடும் கூலிக்கு அஞ்சி எளிய வழியை நாடினார்களோ என்னவோ, கேஸ்கெட்டின் விலை ஒரு காரின் விலைக்கு முன் அற்பமானது.

தீ எழுந்த நேரமும் கவனத்துக்குரியது. பெரும்பாலான கார்கள் ஓடும்போது எரியவில்லை. நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு உரிமையாளர் உள்ளே போன சிறிது நேரத்தில் எரிந்தன. ஓடும் வண்டிக்குள் காற்று புகுந்து வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. நின்றதும் அக்காற்று நின்றுவிடுகிறது. மூடிய எஞ்சின் அறையில் சூடு சிறிது நேரம் ஏறவே செய்கிறது. அமெரிக்க வீடுகள் பலவற்றில் கார் நிறுத்தும் கொட்டகை வீட்டோடு ஒட்டியே இருக்கும். அதிலிருந்து ஒரு கதவைத் திறந்தால் சமையலறை. மாடியில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். ஆகவே, பழுது நீக்கப்படும் வரை காரைக் கொட்டகையிலோ வீட்டை அடுத்தோ நிறுத்தாமல் வெளியே நிறுத்துமாறு நிறுவனம் கேட்டுக்கொண்டது. ஃபோர்டு நிறுவனத்தின் கார்களிலும் முன்னர் இதே போன்ற கதை நடந்தது. வேகத்தை நிலைநிறுத்தும் கருவியின் சுவிட்சில் பிரேக் திரவம் கசிந்து, சாவி எடுத்தபின்னும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததால் தீ எழுந்தது. 1999 தொடங்கி 2009 வரை பல தவணைகளில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைக்க நேர்ந்தது.

இந்த எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே நம்மைப் பெரிதும் வருத்தும் கேள்வி. புதிய காரின் உரிமையாளர் யார் என்பது நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வயதான கார் மூன்று, நான்கு கை மாறியிருக்கும். கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகும். கார் வேறோர் ஊரில் நின்றிருக்கும். அதை இன்று ஓட்டுபவர் பெரும்பாலும் புதியது வாங்க வசதியில்லாதவர். இரவு வேலைக்குப் போகும் பெண், படிப்புக்காக மலிவாக வாங்கிய மாணவன், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர். ஓல்ட்ஸ்மொபைல் என்ற பெயரை நிறுவனமே 2004-இல் மூடிவிட்டது; பான்டியாக் 2010-இல் மறைந்தது. கடை மூடிய காருக்கு இன்னும் இலவசப் பழுது உண்டென்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? சட்டமும் அன்று பத்தாண்டுக்கு மேற்பட்ட காருக்கு இலவசப் பழுதைக் கட்டாயமாக்கவில்லை. 2015 டிசம்பரில்தான் அதனைப் பதினைந்தாக உயர்த்தினார்கள். இருந்தும் நிறுவனம் இக்கார்களை அழைத்தது என்பதைச் சொல்லாவிட்டால் நாம் நீதி தவறியவராவோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. திரும்ப அழைக்கப்பட்ட புதிய காரைச் சீர்செய்யாமல் விற்பது அந்நாட்டில் குற்றம். பெரிய வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் 2016 முதல் அத்தகைய தடை உண்டு. பழைய கார் வியாபாரியை மட்டும் நாடு முழுமைக்குமான சட்டம் தடுக்கவில்லை. குறை நீங்காத காரை அவர் விற்கலாம். எனவே வாங்குபவரே பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. ஓட்டுநர் பக்கத்தில், முன் கண்ணாடியின் கீழ் விளிம்பில், பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்ட ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 2014 ஆகஸ்டு முதல் அந்த எண்ணை அரசின் பாதுகாப்புத் துறைப் பட்டியலில் யாரும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். அந்தக் காருக்குச் செய்ய வேண்டிய பழுது ஏதேனும் பாக்கி இருந்தால் அதில் தெரிந்துவிடும்.