கடைமடை வீட்டின் கரண்ட் பில்

பேராவூரணியில் எங்கள் பெரியம்மா வீட்டு மீட்டர் திண்ணைச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் வருவார். அண்ணாந்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அன்றிலிருந்து 20 நாள் கெடு. கெடு தாண்டினால் 'பீஸைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க' என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் தலைமுறைகளாக இருக்கும் பயம். அந்தப் பயத்தில்தான் பெரியம்மா பல வருஷம் பக்கத்து வீட்டுப் பையனைக் கெஞ்சிக் கூப்பிட்டு, ரீடிங்கும் தொகையும் குறிக்கும் வெள்ளை அட்டையையும் பணத்தையும் கொடுத்து மின்வாரிய அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன், என் அண்ணன், ஒருமுறை சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது, தன் கைப்பேசியில் ஏதோ செய்துவிட்டுப் போனார். அதன் பிறகு வெள்ளை அட்டை பிள்ளையார் படத்துக்குப் பின்னாலேயே கிடக்கிறது. விளக்கு மட்டும் எரிகிறது.

"யாருமே ஆபீசுக்குப் போவல. யாரும் பணத்தக் கையால தொடல. அப்பறம் எப்புடிப்பா கட்டுனதா ஆவும்?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார்.

படித்தவர்கள் கேட்க மறந்துபோன கேள்வி இது. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. கொடுப்பவர் தள்ளிவிடலாம், வாங்குபவர் இழுத்துக்கொள்ளலாம். கடையில் நோட்டை நீட்டுவதும், மணியார்டர் அனுப்புவதும், யுபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்புவதும் தள்ளுவது. காசோலை ஒருவகையில் இழுப்பது. ஆனால் ஒவ்வொரு முறையும் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது நடக்கும். தானியங்கிக் கட்டணத்தில் கையெழுத்து ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகு, வாங்க வேண்டியவர் தனக்குச் சேர வேண்டியதை நம் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறார். சட்டைப்பைக்குள் அடுத்தவர் கை விட அனுமதிப்பது போன்ற காரியம் இது. எந்தத் தைரியத்தில் கோடிக்கணக்கானவர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள் என்பதில்தான் இதன் அழகு இருக்கிறது.

பெரியம்மாவுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொன்னேன். பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் இறங்கி இங்கே வந்து சேர்வதற்குள் மேல்மடைக்காரர்கள் நாற்றே விட்டிருப்பார்கள். வந்த தண்ணீரை ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் திருப்பிவிடத் தண்ணீர் கட்டும் ஆள் இருப்பார். வயலுக்குச் சொந்தக்காரர் பினாங்கில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, முறை வந்ததும் அவருடைய வாமடை திறக்கும். சொந்தக்காரர் அந்த ஆளிடம் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். 'என் முறைக்கு ரெண்டு நாழிகை தண்ணி விடு' என்பது ஒன்று. 'பயிருக்கு எவ்வளவு வேணுமோ பாத்துக் கட்டு, ஆனா வரப்புக்கு மேல போவக்கூடாது' என்பது இன்னொன்று.

முதல் வகையை வங்கியில் நிலையான அறிவுறுத்தல் என்கிறார்கள். மாதாமாதம் ஒரே தொகை, ஒரே தேதி. வாடகைக்கும் தொடர்வைப்புக்கும் அது போதும். கரண்ட் பில்லுக்குப் போதாது. சித்திரையில் மின்விசிறி இரவு பகலாகச் சுற்றும்போது ஒரு தொகை வரும், மார்கழியில் வேறு தொகை வரும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், ஆள் குறைந்த வீட்டில் ஒன்றுமே வராமலும் போகலாம். இப்படி ஏறி இறங்கும் தொகைக்கு இரண்டாவது வகை வேண்டும். அளவை வாங்குபவர் சொல்வார். உச்சவரம்பை நாம் சொல்வோம். வங்கிக்காரர்கள் 'மேண்டேட்' என்று சொல்லும் ஒப்புதல் இதுதான். அதில் வரப்பு போன்றது அந்த உச்சவரம்பு.

இந்த இரண்டாவது வகை பிறந்த கதையில் ஐஸ்கிரீம் வருகிறது. இங்கிலாந்தில் யூனிலீவர் நிறுவனத்தில் வேலை பார்த்த அலஸ்டேர் ஹாண்டன் என்பவர், வால்ஸ் ஐஸ்கிரீம் விற்பவர்களிடமிருந்து பணம் வசூலிக்க 1964-இல் இதைக் கொண்டுவந்தார். வெயில் காய்ந்தால் ஐஸ்கிரீம் அதிகம் போகும், மழை பெய்தால் தேங்கும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தொகை என்பதால் நிலையான அறிவுறுத்தல் அங்கே உதவாது. விற்பவர் ஒருமுறை ஒப்புதல் தந்துவிட, நிறுவனமே வங்கியிடம் தொகையைச் சொல்லி எடுத்துக்கொண்டது. பின்னாளில் அந்த நாட்டில் தண்ணீர், மின்சாரம், எரிவாயு என்று எல்லா வீட்டுக் கட்டணமும் இதே வழிக்கு வந்தன. தவறாக எடுத்தால் வங்கி உடனே திருப்பித் தர வேண்டும் என்ற உத்தரவாதத்தையும் அங்கே சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் மக்கள் இதை இவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் 1990களில் இசிஎஸ் என்ற பெயரில் இது தொடங்கியது. பின்பு இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், அதாவது என்பிசிஐ, அதை 'நாச்' என்ற பெரிய ஏற்பாடாக மாற்றியது. 2020 ஜூலையில் யுபிஐயிலும் 'ஆட்டோபே' வந்தது. அண்ணன் கைப்பேசியில் செய்துவிட்டுப் போனது இந்தக் கடைசி வகை.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு மின் இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. மண்டலம், பிரிவு அலுவலகம், பகிர்மானம், இணைப்பு என்று முகவரி மாதிரியே அடுக்கி அமைத்த எண். ரீடிங் எடுத்ததும் பில் தொகை அந்த எண்ணின் பேரில் ஏறுகிறது. அண்ணன் வைத்திருக்கும் செயலி, பாரத் பில் பேமென்ட் என்ற பொது வாசல் வழியாக அந்த எண்ணுக்கு என்ன பாக்கி என்று கேட்டு வாங்குகிறது. தொகை உச்சவரம்புக்குள் இருந்தால், எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அண்ணனுக்குச் செய்தி போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர் மறுக்காவிட்டால் பணம் எடுக்கப்படும். 15,000 ரூபாய் வரை மறுபடி பின் எண் கேட்காது என்பது 2022 ஜூனில் வந்த வரம்பு. அதற்கு முன் 5,000. எல்லாம் சிவப்பெறும்பு வரிசை போலச் சத்தமில்லாமல் நடந்துவிடும். பெரியம்மாவின் மாமனார் பேரிலேயே அந்த இணைப்பு இன்னும் இருக்கிறது. அவர் காலமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எண்ணுக்குப் பெயர் தேவையில்லை என்பதால் பேரனின் பணம் தாத்தாவின் பில்லுக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது.

வங்கிக்கும் வங்கிக்கும் இடையே என்ன போகிறது? ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகப் பணம் ஓடுவதில்லை. ஒரு பேச்சுக்கு, இந்த வங்கி அந்த வங்கிக்குப் பத்து லட்சம் தர வேண்டும், அந்த வங்கி இந்த வங்கிக்கு ஒன்பதே முக்கால் லட்சம் தர வேண்டும் என்றால், பற்று வரவு நேர்செய்து மிஞ்சுகிற கால் லட்சம் மட்டும் ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகளுக்கிடையே மாறுகிறது. நெல் வியாபாரியும் உரக்கடைக்காரரும் தை மாதத்தில் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துச் செய்வதும் இதுவே.

கடல் கடப்பது இன்னொரு கதை. இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த காலத்தில் உண்டியல் என்ற சீட்டு இருந்தது. கண்டதும் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல், நாள் கழித்துத் தர வேண்டியது தவணை உண்டியல். ரங்கூனில் பணத்தைக் கட்டிவிட்டுச் சீட்டை மட்டும் ஊருக்கு அனுப்பினால், இங்கே அவர்களுடைய ஆள் பணத்தைக் கொடுத்துவிடுவார். கப்பலில் காசு வரவே வராது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டதும் அந்த வழக்கத்தின் நீட்சிதான். காரைக்குடி எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கும் ஊர். 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ் ஏற்பாட்டையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்தபோது, முதல் வரிசையில் சேர்ந்த வங்கிகளில் அதே வங்கியும் இருந்ததைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளிநாட்டில் இருப்பவர் ஊர் பில்லைக் கட்டுவதற்கு இப்போது இரண்டு பாதைகள். பெரும்பாலோர் செய்வது, இந்தியாவிலேயே ரூபாய்க் கணக்கு ஒன்றை வைத்து அதிலிருந்து கட்டுவது. வெளிநாட்டுச் சம்பளம் வந்து சேர்வது என்ஆர்இ கணக்கு. தென்னந்தோப்புக் குத்தகையும் வீட்டு வாடகையும் சேர்வது என்ஆர்ஓ கணக்கு. எதிலிருந்தும் கட்டலாம். தோப்பு வருமானத்திலேயே வீட்டு பில் கழிந்துபோனால் சிங்கப்பூர் வெள்ளியை மாற்றி அனுப்பும் செலவு மிச்சம். இன்னொரு பாதை, 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை நேராகவே பாரத் பில் பேமென்ட் ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள். மூத்த குடிமக்களுக்கு இது பெரிதும் உதவும் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அறிவிப்பை எழுதியவர்கள் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. ஆனாலும் சரியான வீட்டை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் சொந்தக் குடித்தனம் நடத்துபவர்கள் அங்கே மின்சாரம், தண்ணீர், நகர மன்றக் கட்டணம், வரி எல்லாவற்றையும் 'ஜைரோ' என்ற தானியங்கிக் கட்டணத்தில் போட்டுவிடுகிறார்கள். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வட்டம், சுற்று என்று பொருள். வெனிஸ் நகரில் 1619-இல் தொடங்கிய வங்கிக்கே பாங்கோ டெல் ஜீரோ என்றுதான் பெயர்; பணத்தைத் தூக்காமல் பேரேட்டில் மட்டும் சுற்றவிடும் வங்கி.

இனி, இது எங்கே அறுகிறது என்று சொல்லாமல் போனால் நான் பாதிதான் சொன்னவனாவேன். முதலில் அறுவது சிம் கார்டு. வங்கிக் கணக்கு, ஓடிபி, யுபிஐ எல்லாம் பழைய இந்திய எண்ணிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் நிறுவனம் நிறுத்திவிடும். பிறகு வேறு யாருக்கோ கொடுத்தும்விடும். 2023 ஜனவரியில் வெளிநாட்டு எண்களிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள என்பிசிஐ வழி செய்தது. முதலில் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகள். மலேசியா பின்னால் சேர்ந்தது. என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்காக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஊரில் இருந்தபோது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கையே பத்து வருஷமாக ஓட்டுபவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அதை மாற்றியாக வேண்டும் என்று அந்நியச் செலாவணிச் சட்டம் சொல்வதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதில்தான் எனக்கு வருத்தம்.

அடுத்தது, கணக்கில் பணம் இல்லாமல் போவது. மேண்டேட் பணமின்றித் திரும்பினால் வங்கி தண்டம் பிடிக்கும். காசோலை திரும்பினால் உள்ள அதே மாதிரிக் குற்ற நடவடிக்கைக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் இடம் தருகிறது. கரண்ட் பில்லுக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஆனால் பீஸைப் பிடுங்கச் சட்டம் எதுவும் தேடத் தேவையில்லை. வரம்பை இறுக்கமாக வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். எண்ணூறு ரூபாய் பில் வரும் வீட்டில் ஆயிரத்துக்கு வரப்புக் கட்டியிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் மே மாத விடுமுறைக்கு வந்து ஏசி ஓடினால் பில் அதைத் தாண்டிவிடும். தாண்டியதும் பணம் எடுக்கப்படாமலே நின்றுவிடும். கெடு மட்டும் நிற்காது. வழக்கமான பில்லைப்போல் மூன்று மடங்கு வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு எல்லாரும் வெளிநாடு போய்விட்டால், மின்வாரியத்திலேயே முன்பணமாகக் கட்டி வைக்கும் வழியும் உண்டு. மீட்டரைப் பூட்டின கதவுக்குள் வைத்திருந்தால் அதற்கும் ஒரு வழி செய்துவிட்டுப் போக வேண்டும். ரீடிங் எடுக்க முடியாத வீட்டுக்குச் சரியான பில் வராது.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் பக்கம் தென்னையும் மின்கம்பமும் சேர்ந்தே சாய்ந்தன. வாரக்கணக்கில் இருட்டு. வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஒரு சாயங்காலம் பெரியம்மா வீட்டு பல்பு எரிந்தபோது அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த விளக்கு அணைந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் இன்றும் அவர் அடிக்கடி கேட்கிறார், கட்டியாச்சா என்று.

பில் கட்டியாயிற்று என்பது அவருக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் சின்னது. பில் வந்ததும் பணம் போனதும் எல்லாச் செய்தியும் சிங்கப்பூர்க் கைப்பேசிக்கே போய்க்கொண்டிருந்தன. போன வாரம் அண்ணனிடம் பேசி, மின்வாரியத்தின் பதிவில் பெரியம்மாவின் கைப்பேசி எண்ணைச் சேர்த்தோம். முதல் செய்தி வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்து, தொகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளை அட்டையை எடுத்து, பேனா கேட்டு, அந்த மாதத்துக் கட்டத்தில் தொகையைத் தன் கையாலேயே எழுதி வைத்தார்.