சியர்லீடிங் அணி: எந்த நிலை உங்கள் பிள்ளைக்கு உகந்தது?

அமெரிக்காவில் வசிக்கும் குடும்பத்தினர் விடுமுறைக்குத் தாயகம் வரும்போது, சியர்லீடிங் அணியில் ஆடும் பிள்ளைகளை மணிக்கட்டு வலி, முதுகு வலி என்று எங்களிடம் அழைத்து வருவதுண்டு. "அடுத்த ஆண்டு மேல்நிலை அணியில் சேர்க்கலாமா, டாக்டர்?" என்ற கேள்வியும் உடன் வருகிறது.

அந்நாட்டின் கிளப் அணிகள் வயதின்படி பிரிவுகளாகவும், திறனின்படி 1 முதல் 7 வரையிலான நிலைகளாகவும் வகுக்கப்படுகின்றன. முதல் நிலையில் உருளல், பக்கக் கரணம் போன்றவையே உண்டு. இரண்டாம் நிலையில் கைகளை ஊன்றிப் பின்புறம் பாயும் கரணமும், மூன்றாம் நிலையில் கை ஊன்றாமல் காற்றில் சுழலும் கரணமும் சேர்கின்றன. நிலை உயர உயர, தோழர்களைத் தூக்கிப் பிடிக்கும் முறைகளும் கடினமாகின்றன. வயது கூடிவிட்டதால் நிலையும் கூட வேண்டும் என்பதில்லை.

அணியின் நிலையை அதன் சிறந்த ஒருவரைக் கொண்டு தீர்மானிப்பது தவறு. கீழே தாங்குபவரின் பிடி தளர்ந்தால், விழுபவர் மேலே நிற்பவரே. அனைவரும் தடுமாற்றமின்றிச் செய்யக்கூடியதே அணிக்குரிய நிலை.

ஏறத்தாழ 11 முதல் 14 வயதில் பிள்ளைகள் விரைந்து உயர்கின்றனர். எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் அப்போது எளிதில் பாதிக்கப்படும். உடலின் சமநிலையும் சில காலம் குறையலாம். சென்ற ஆண்டு எளிதாகச் செய்த கரணம் இவ்வாண்டு தடுமாறுவது சோம்பலன்று. அவ்வாண்டு அதே நிலையில் நீடிப்பது பின்னடைவும் அன்று.

முடிவெடுக்குமுன் கேட்க வேண்டியவை:

• கைத்தாங்கல் இன்றி, களைத்த பொழுதிலும் சீராகச் செய்ய இயலுகிறதா?
• பயிற்சி மெத்தைமீதோ ஸ்பிரிங் தளத்திலோ நடைபெறுகிறதா?
• விழுபவரைப் பிடித்துக் காக்கும் முறையை அணி முழுதும் கற்றுள்ளதா?
• வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு உண்டா?
• பிள்ளை அச்சமின்றி விரும்புகிறதா?

கையை ஊன்றும்போது தோன்றும் மணிக்கட்டு வலியை மாத்திரையால் மறைக்க வேண்டாம். முதுகைப் பின்னால் வளைக்கையில் வலி சில வாரங்கள் நீடித்தால், முள்ளெலும்பில் நுண்முறிவு இருக்கக்கூடும். தலையில் அடிபட்டபின் தலைவலி, மயக்கம், குழப்பம் தோன்றினால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் வாந்தியோ நினைவிழப்போ ஏற்பட்டால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மருத்துவரின் எழுத்துவழி அனுமதியின்றிப் பிள்ளை களம் திரும்பக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் சியர்லீடிங் குறித்து வெளியிட்ட பரிந்துரையும் இதையே வலியுறுத்துகிறது.

பிள்ளை "வலிக்கிறது" என்றோ "பயமாக இருக்கிறது" என்றோ சொன்னால், போட்டி நாள் நெருங்கியிருந்தாலும் அதற்குச் செவிசாயுங்கள். ஓராண்டு காத்திருந்தால் அந்த நிலை மீண்டும் கிட்டும்.