இந்தத் தூசி எந்த ஊர்?

“சுமத்ராவுல காட்டைக் கொளுத்துறாங்க, இங்கே நாம இருமுறோம்!” புகைமூட்டக் காலத்தில் என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள் பலரும் சொல்வது இது. 2019 செப்டம்பரில் பினாங்கில் பள்ளிகளையே மூட வேண்டியிருந்தது. அப்போது அது உண்மைதான். ஆனால், புகைமூட்டம் இல்லாத மாதங்களில் நாம் சுவாசிக்கும் தூசி யாருடையது?

கைப்பேசியில் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு எவ்வளவு என்று சொல்லும். எங்கிருந்து என்று சொல்லாது. நான் சொல்வது ‘பிஎம் 2.5’ எனும் நுண்துகளை. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் அடிவரை போய், இரத்தத்திலும் கலக்கும்.

ஜார்ஜ்டவுன் சூலியா தெருவை எடுத்துக்கொள்வோம். வாகனப் புகை, மாலையானால் அங்காடிக் கடைகளின் அடுப்பு, ஊதுபத்தி, தெருக்கோடியில் கடலும் கப்பல்களும். நாசி கண்டாரில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றிய மாதிரிதான். எது மீன், எது கோழி என்று எப்படிப் பிரிப்பது?

அதை வேதியியல் பிரிக்கிறது. வடிகட்டித் தாள் வழியாக 24 மணி நேரம் காற்றை இழுத்து, படிந்த தூசியை எடை போட்டு, அதில் என்னென்ன உள்ளன என்று பார்ப்பார்கள். வனேடியமும் நிக்கலும் சேர்ந்திருந்தால் கப்பல்களிலும் ஆலைகளிலும் எரியும் கனரக எண்ணெய். லெவோகுளுகோசன் இருந்தால் மரமோ இலைதழையோ எரிந்திருக்கிறது. அலுமினியமும் சிலிக்கனும் மண் தூசி. சோடியமும் குளோரைடும் கடல் உப்பு. பல மாத மாதிரிகளில் எவையெல்லாம் சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்று கணினியில் கணக்கிட்டால், ஒவ்வொன்றின் பங்கும் தெரியவரும்.

நம் நாட்டிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். 2011 ஆகஸ்டு முதல் 2012 ஜூலை வரை பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது, சராசரி கன மீட்டருக்கு 28 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அன்றைய ஆண்டு வரம்பு 10; 2021-இல் அது 5 ஆனது. தாவரங்கள் எரிவதால் வருவதும், வாயுக்கள் காற்றிலேயே மாறி உருவாகும் துகள்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. மீதி எண்ணெய் எரிப்பு, வாகனமும் தொழிற்சாலையும், மண், கடல் உப்பு.

காரணம் தெரிந்தால்தான் மருந்து தெரியும். கப்பல் எண்ணெயில் கந்தக வரம்பை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5-ஆக 2020-இல் குறைத்தது அனைத்துலக விதி. சுமத்ராவின் தீயை அரசாங்கங்கள் பேசித் தீர்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொளுத்தும் குப்பை நம் கையில் இருக்கிறது. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றமும்கூட. பிள்ளைக்காகப் பள்ளி வாசலில் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடம், என்ஜினை அணைத்து வையுங்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது வாசலில் நிற்கும் பிள்ளைகள்தான்.