வயதான நாய்க்கு வீட்டிலேயே அந்திமக்காலப் பராமரிப்பு: என்ன செய்யலாம், யாரிடம் கேட்கலாம்?

தெருவிலிருந்து மீட்ட நாய்க்குட்டிக்கு வீடு கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டால் போதும், இரண்டு நாளில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதே குழுவில் கண்புரை விழுந்த, பின்னங்காலை இழுத்து நடக்கிற பன்னிரண்டு வயது நாயின் போட்டோவைப் போட்டுப் பாருங்கள். ‘ஐயோ பாவம்’ என்று நாற்பது பேர் சொல்வார்கள். போன் மட்டும் வராது.

அப்படிப்பட்ட நாய்கள் கடைசியில் காப்பகத்துக்குத்தான் போகின்றன. சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகளின் அன்றாட வேலை விபத்தில் அடிபட்டவை, புண்ணில் புழு வைத்தவை, கருத்தடை அறுவை சிகிச்சை என்று ஓடிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கணக்கான நாய்கள் குரைக்கும் இடத்தில், காது மந்தமான ஒரு கிழட்டு நாய் மாதக்கணக்கில் படுத்திருப்பது அதற்கும் நல்லதில்லை, அங்கே வேலை செய்பவர்களுக்கும் சுமை. அதற்குத் தேவை அமைதியான ஒரு மூலையும், தினமும் பார்க்கிற ஒரே முகமும். அதைக் கொடுக்க ஒரு வீட்டால்தான் முடியும்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘ஹாஸ்பிஸ்’ என்கிறார்கள். நோயைக் குணப்படுத்த முடியாது என்று தெரிந்த பிறகு, வலியையும் மூச்சுத்திணறலையும் பயத்தையும் குறைத்து, மிச்சமிருக்கிற நாட்களை நல்லபடியாகக் கடக்க உதவுவதுதான் இது. மனிதர்களுக்கு இது நமக்குப் புதிதில்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண ஆதரவு சிகிச்சை தருகிறார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே யோசனைதான் இங்கேயும். சிகிச்சையை நிறுத்திவிடுவது என்று இதற்கு அர்த்தமில்லை. சிகிச்சையின் நோக்கம் மட்டும்தான் மாறுகிறது.

உண்மையிலேயே கடைசிக் கட்டமா?

இதை முதலில் உறுதி செய்யணும். தெரு நாய்களைப் பொறுத்தவரை ‘இனி ஒண்ணும் பண்ண முடியாது’ என்று நாமே முடிவு கட்டிவிடும் பல நோய்கள் குணமாகக்கூடியவை. பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் கட்டியோடு ஒரு நாயைப் பார்த்தால் ‘கேன்சர், முடிஞ்சுது’ என்போம். நம் தெரு நாய்களிடம் இனச்சேர்க்கை வழியாகப் பரவும் ஒரு வகைக் கட்டி சகஜம். வாரம் ஒரு ஊசி என்று சில வாரம் மருந்து ஏற்றினால் பெரும்பாலும் கரைந்துவிடும். எழுந்து நிற்கக்கூட முடியாமல் ஈறு வெளுத்துக் கிடக்கும் நாய்க்கு வெறும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். முடியெல்லாம் கொட்டி எலும்பும் தோலுமாக நிற்பது சொறியாக இருக்கலாம். இவையெல்லாம் சிகிச்சைக்குரியவை. அந்திமக்காலம் என்ற பேச்சே இங்கே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புதிதாக மீட்ட நாய் தள்ளாடினாலோ, எச்சில் ஒழுக விழுங்க முடியாமல் தவித்தாலோ, திடீரென்று குணம் மாறினாலோ வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோயாக இருக்க வாய்ப்புண்டு. டாக்டர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகணும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்.

பரிசோதனைக்கு எங்கே போவது? ஊரிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனையில் தொடங்கலாம். ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903-லிருந்து இயங்கும் கல்லூரியைப் பலருக்கும் தெரியும். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் உண்டு. 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கிடைக்கும் நடமாடும் ஊர்தி சேவை முதன்மையாக ஆடு மாடு வளர்ப்போருக்கானது. உங்கள் பகுதியில் நாய்க்கு உதவி கிடைக்குமா என்று போன் செய்து கேட்டுவிடுங்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

சிறுநீரகம் செயலிழந்துவருகிறது, இதயம் பலவீனமாகிவிட்டது, புற்றுநோய் பரவிவிட்டது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னால், வீட்டில் செய்யவேண்டிய வேலை அன்றிலிருந்து தொடங்குகிறது.

நாய் வலியைச் சொல்லாது

கத்தினால்தான் வலி என்று நினைக்கிறோம். நாட்பட்ட வலியில் நாய்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கும். ஒரே இடத்தில் படுக்காமல் மாறி மாறிப் படுக்கும். ஒரு மூட்டையே நக்கிக்கொண்டிருக்கும். கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். இத்தனை வருஷம் சாதுவாக இருந்தது, தொட்டால் உறுமும். ‘வயசாயிடுச்சு, அதான் கோபம்’ என்று நாம் கடந்துபோவதில் பாதி வலிதான்.

வலிக்கு மருந்து உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அது நம் வீட்டு மருந்து டப்பாவில் இல்லை. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால், மூட்டு வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் இதையெல்லாம் டாக்டரைக் கேட்காமல் கொடுத்தால் நாயின் கல்லீரலும் சிறுநீரகமும் குடலும் சிதையலாம். டாக்டர் எழுதித்தந்த வலி மாத்திரையைக் கொடுக்கும்போதும் வாந்தி, கருப்பு நிற மலம், சாப்பிட மறுப்பது ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைத் தராமல் அவருக்குப் போன் செய்யுங்கள். மாத்திரையை வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, சொன்ன நேரத்துக்கு விடாமல் கொடுப்பது முக்கியம். போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் சில மாற்றங்கள்

நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரைதான் கிழட்டு நாய்க்கு முதல் எதிரி. கால் வழுக்கி ஒருமுறை விழுந்தால் அப்புறம் எழுந்திருக்கவே பயப்படும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், வாசல் வரைக்கும் சாக்கையோ பழைய பாயையோ ரப்பர் விரிப்பையோ போட்டால் போதும். செலவே இல்லாத வேலை, ஆனால் மறுநாளே வித்தியாசம் தெரியும். பின்னங்கால் பலமில்லாவிட்டால் ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி நடக்க வைக்கலாம். பார்வை போன நாய் இருக்கும் வீட்டில் நாற்காலியையும் மேசையையும் இடம் மாற்றாதீர்கள்.

எழுந்திருக்கவே முடியாத நாய்க்குப் படுக்கைப்புண் சீக்கிரம் வரும். இடுப்பு, தோள்பட்டை, முழங்கை எலும்பு துருத்துகிற இடங்களில் தோல் சிவக்கும், பிறகு வெடிக்கும். தடிமனான மெத்தை போட்டு, மூன்று நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கணும். ராத்திரியிலும்தான். இதை ஒருத்தரே செய்தால் பத்து நாளில் களைத்துப்போவார். வீட்டில் ஆளுக்கு ஒரு முறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் பட்டு ஈரமாகக் கிடந்தாலும் தோல் வெந்துபோகும். வால் பக்கத்து முடியைக் கத்தரித்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போகத் துவட்டணும். டயப்பர் கட்டினால் அடிக்கடி மாற்றணும், மாற்றாத டயப்பரைவிடப் பழைய வேட்டித்துணி மேல். சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ராத்திரி எழுந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவது, சுவர் மூலையைப் பார்த்து நிற்பது, பழகிய ஆளைத் தெரியாதது போல விழிப்பது, இதெல்லாம் நாய்களுக்கும் வரும் முதுமை மறதி. திட்டினால் புரியாது. ஒரு சின்ன இரவு விளக்கும் உங்கள் குரலும் போதும். இதற்கும் மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் சங்கடமானது. சிறுநீரகக் கோளாறு என்றால் டாக்டர் உணவுமுறை சொல்வார், அதைப் பின்பற்றுங்கள். கடைசி வாரங்களில் பல டாக்டர்களே ‘எது சாப்பிடுதோ கொடுங்க’ என்று தளர்த்திவிடுவார்கள். அப்போதும் சாம்பார் சாதம் வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, சாக்லேட், சமைத்த கோழி எலும்பு ஆகியவையும் கூடாது. கொஞ்சம் வெதுவெதுப்பாக, வாசனை வரும்படி, குழைவாகக் கொடுத்தால் பசியில்லாத நாயும் இரண்டு வாய் சாப்பிடும். சாப்பிட மறுத்தால் வாயைத் திறந்து திணிக்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் இருக்கிற சிரமத்தோடு நிமோனியாவும் சேரும்.

உங்கள் போனும் ஒரு மருத்துவக் கருவி

மருத்துவமனைக்குப் போனதும் பயத்திலும் பரபரப்பிலும் நொண்டுகிற நாய்கூட நிமிர்ந்து நடக்கும். ‘வீட்ல இப்படி இல்ல டாக்டர்!’ என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். அதற்குப் பதில் நடப்பது, எழுவது, இருமுவது, வலிப்பு வருவது எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். இதய நோயுள்ள நாய் நன்றாகத் தூங்கும்போது, ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு நிமிடத்தில் மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். தொடர்ந்து 30-க்கு மேல் போனால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது என்ற சந்தேகம் வரணும், அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

இன்னொன்று, தினசரிக் குறிப்பு. கால்நடைப் புற்றுநோய் மருத்துவரான அமெரிக்காவின் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். ஏழு விஷயங்கள்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வீட்டுப் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வலிக்கான மார்க்கில் மூச்சு விடும் சிரமமும் அடங்கும், அதற்குத்தான் அவர் முதலிடம் தருகிறார். மார்க் போடுவது எந்திரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் தினமும் பக்கத்தில் இருப்பவருக்கு மெல்ல மெல்லத் தேய்வது கண்ணில் படாது. மூன்று வாரத்துக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

கருணைக்கொலை என்ற கேள்வி

நிறையப் பேர் இதைப் பேசவே தயங்குகிறார்கள். ‘தானா போகட்டும்’ என்று காத்திருப்பது இயற்கையாகத் தோன்றும். சில நாய்கள் தூக்கத்திலேயே அமைதியாகப் போவதும் உண்டு. ஆனால் மூச்சுக்குத் திணறியோ, நிற்காத வலிப்பிலோ, மருந்துக்கு அடங்காத வலியிலோ நாட்களை இழுப்பது ‘தானா போவது’ இல்லை என்பதே என் கருத்து. அந்த நிலை வருவதற்கு முன்பே, நாய் ஓரளவு நன்றாக இருக்கும் ஒரு நாளில், டாக்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. வீட்டுக்கு வருவாரா, ராத்திரியில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் அப்போதே கேட்டு எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக முதலில் தூக்க ஊசி, அது ஆழ்ந்து தூங்கிய பிறகு அதிக அளவில் மயக்கமருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தே இருக்கலாம், இறந்த பிறகும் ஒரு பெருமூச்சோ தசைத்துடிப்போ வரலாம். அது வலியால் அல்ல. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் பதற மாட்டார்.

வீட்டு நாய்க்கு இந்த முடிவை வளர்ப்பவரும் டாக்டரும் சேர்ந்து எடுக்கலாம். நீங்கள் சோறு போடும் தெரு நாய்க்கு அப்படி எடுக்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, குணப்படுத்த முடியாத நோயோ உயிர் பிழைக்க முடியாத காயமோ உள்ள தெரு நாய் என்று அதற்கென நியமிக்கப்பட்ட குழு கண்டறிந்த பின்பே, தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் அதைச் செய்யவேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் தரலாம். சென்னையில் என்றால் 1913.

நோய் வந்துவிட்டது என்று வளர்த்த நாயைப் பட்டினி கிடக்கும்படி தெருவில் விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், அறுபது வருஷத்துக்கு முந்தைய மதிப்பு அப்படியே நிற்கிறது! செலவுதான் பிரச்சினை என்றால் வேறு வழி கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் டென்னசியில் 2012-ல் தொடங்கிய ‘ஓல்டு ஃபிரண்ட்ஸ்’ காப்பகம் வயதான நாய்களை வீடுகளில் கடைசிவரை வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, மருத்துவச் செலவைத் தானே ஏற்கிறது. இங்குள்ள காப்பகங்களிடமும் ‘இடமும் பராமரிப்பும் எங்களது, சிகிச்சைக்கு நீங்கள் உதவ முடியுமா?’ என்று கேட்கலாம். மீட்ட நாய் என்றாலும் வீட்டில் வைத்துக்கொண்டால் மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் வேண்டும். சென்னையில் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். உடல்நிலை மிக மோசமான நாய்க்கு ஊசி போடலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

இறந்த பிறகு உடலைக் குப்பைத் தொட்டியிலோ நீர்நிலை ஓரத்திலோ போடாதீர்கள். சொந்த இடம் இருந்தால் கிணறு, போர்வெல் பக்கம் இல்லாமல், மற்ற விலங்குகள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கணும். கருணைக்கொலை செய்யப்பட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும், அதைத் தின்னும் நாயும் பறவையும் சாகக்கூடும். இடம் இல்லாதவர்கள் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவைக் கேட்கலாம். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் உடலை ஒருமுறை மோந்து பார்க்க விடலாம் என்று பலர் சொல்வார்கள். சில நாள் அது சரியாகச் சாப்பிடாது, வாசலையே பார்த்திருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். பிரிக்காத மாத்திரை அட்டைகள், டயப்பர், மெத்தை எது மிச்சமிருந்தாலும் பக்கத்துக் காப்பகத்துக்குப் போன் செய்து, தேவையா என்று கேட்டுக் கொடுத்துவிடலாம்.