சுன்னத்துக்கு முன்னும் பின்னும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர், தோப்பூர் முதலிய ஊர்களில், ஆண் மகவு பிறந்த முஸ்லிம் இல்லங்களில் பேசப்படும் முதற் காரியங்களுள் சுன்னத்தும் ஒன்றாகும். முன்னாளில் ஒஸ்தா மாமா வீட்டுக்கு வந்து, ஓடித்திரியும் வயதுச் சிறுவர்க்கு இதனைச் செய்வார். இக்காலத்திலோ பால்குடிப் பருவத்திலேயே வைத்தியரைக் கொண்டு முடித்துவிடும் பெற்றோர் பலர். மார்க்கக் கடமையை ஆராய்வது நம் நோக்கமன்று. அதனை நிறைவேற்றுங்கால் குழந்தைக்கு நேரக்கூடிய ஆபத்துக்கள் எவை, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதையே நாம் இங்கு கூற விழைகின்றோம்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வொன்று, சிசுக்களில் நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவிலும், வயது கூடிய சிறுவர்களில் நூற்றுக்கு ஆறு என்ற அளவிலும் சிக்கல்கள் நேர்வதாகக் கண்டது. அவற்றுள் பாரதூரமானவை மிகச் சிலவே. ஆயினும் அச்சிலவற்றுள் நம் குழந்தை அகப்படலாகாதல்லவா?

முதலாவது, இரத்தப்பெருக்கு. மூன்று கிலோகிராம் நிறையுள்ள சிசுவின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 250 மில்லிலீற்றரே. ஒரு தேநீர்க் கோப்பை அளவு! அதில் ஐந்து தேக்கரண்டி துணியில் ஊறிவிட்டால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. வளர்ந்த ஒருவர் அரை லீற்றர் இழப்பதற்கு அது ஒப்பாகும்.

சிலருக்கு இரத்தம் உறையும் தன்மையே பிறவியிற் குறைவு. ஹீமோபிலியா எனப்படும் இந்நோய் பெரும்பாலும் தாய்வழியாக ஆண்மக்களைச் சாரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்துக் கோர்தோபாவில் வாழ்ந்த வைத்திய மேதை அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, சிறு காயத்தினாலேயே இரத்தம் பெருகி மாண்ட ஆண்களைப் பற்றி எழுதிவைத்தார். எனவே, குழந்தையின் அண்ணன்மாருக்கோ தாய்மாமன்மாருக்கோ பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காதிருந்ததுண்டா என்று விசாரித்து, வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறந்தவுடன் உயிர்ச்சத்து கே ஊசி போடப்பட்டதா என்பதையும் அறிந்துகொள்க.

இரண்டாவது, பிறவிக் குறை. ஏறக்குறைய 200 முதல் 300 வரையான ஆண் குழந்தைகளில் ஒன்றுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் அமையாது கீழ்ப்புறத்தில் அமைந்திருக்கும். அதனைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சைக்கு அந்த நுனித்தோலே தேவைப்படலாம். அறியாது வெட்டிவிட்டாற் பின்னர் அதனைப் பெறுவது எங்ஙனம்? குறைமாதக் குழந்தைக்கும், காய்ச்சலோ மஞ்சளோ கண்ட குழந்தைக்கும் நாளைத் தள்ளிவைத்தலே முறை.

மூன்றாவது, கருவியும் கையும். கிருமி நீக்காத கருவியினால் காயம் சீழ்கொள்ளும், ஏற்புநோயும் நேரலாம். உலோக இடுக்கியைப் பொருத்தி மின்சாரத்தாற் சுட்டால் உறுப்பு முழுவதுமே கருகக்கூடும். ஆகவே பயிற்சி பெற்ற வைத்தியரையே நாடி, வலி தெரியாதிருக்க என்ன செய்வார் என்றும் கேளுங்கள்.

காரியம் முடிந்த பின்னரும் விழிப்பு வேண்டும். துணி மீண்டும் மீண்டும் நனைதல், எட்டு மணி நேரமாகியும் சிறுநீர் கழியாமை, நுனி கருத்தல், சிவப்புப் பரவுதல், காய்ச்சல், பால் மறுத்தல் ஆகியவை அபாயக் குறிகள். நுனியில் மெல்லிய மஞ்சட் படலம் காண்பதோ ஆறுதலின் அறிகுறியே. சாம்பலோ எண்ணெயோ பூசாதீர்கள். இரத்தம் கசிந்தாற் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்வோர் துறையிற் பாதைப் படகுக்குக் காத்து நின்றனர். இன்று அத்தடை இல்லை; விடிந்தபின் பார்ப்போம் என்னும் தயக்கமே எஞ்சியிருக்கிறது. ஆதலால் சுன்னத்தைக் காலை வேளையிலேயே வைத்துக்கொள்ளுதல் நன்று. கசிவு காணுமாயின் பகல் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.